அயலான் ஆதல்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா என்னும் புயல் இலங்கையைச் சூறையாடிற்று. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டிலே மண் சரிந்து வீடுகளும் லயங்களும் புதையுண்டன. அந்நாட்களில் ஊர்தோறும் அரிசியும் உடுதுணியும் சேர்ந்தன. கோயிலிற் சேர்ந்ததும் தேவாலயத்திற் சேர்ந்ததும் ஒரே லொறியில் ஏறின. கடல் கடந்து வாழும் நம்மவர் காசு அனுப்பினர். தமிழர் நெஞ்சம் வற்றிவிட்டது என்று மேடைதோறும் முழங்குவோர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை. ஆதலின், இக்காலச் சமுதாயம் தன்னலமே வடிவானது என்று ஒரேயடியாகப் பழித்துக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்க நாம் விரும்பவில்லை.

ஆயினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். பேரிடர் வந்தவிடத்து இரங்குதல் நமக்குக் கைவந்த செயல். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் அதனைக் கண்டோம். பேரிடர் அல்லாத துன்பம் ஒன்று உண்டு. அது பத்திரிகையில் வருவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழ்வது. அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

நீர்வேலியிலும் அதன் அயலாகிய கோப்பாய், சிறுப்பிட்டி, அச்செழு முதலிய ஊர்களிலும் வாழைத்தோட்டங்களின் நடுவே பூட்டிய வீடுகள் பல உள. பூட்டாத வீடுகள் பலவற்றில் முதியோர் தனித்து இருக்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் உளர். அவர்கள் தாய்தந்தையரைக் கைவிட்டவர் என்று சொல்லுதல் அபாண்டம். மாதந்தோறும் பணம் வருகிறது. வீட்டிற்கு வண்ணம் பூசப்படுகிறது. முற்றத்திலும் விறாந்தையிலும் கமரா பூட்டப்பட்டிருக்கிறது. மகன் காலையிலும் மாலையிலும் தாயைக் கமராவிலே பார்க்கிறான். தாய் வழுக்கி விழுந்தால் ரொறன்ரோவில் உள்ளவனுக்கு அக்கணமே தெரிந்துவிடும். மதிலுக்கு அப்பால் இருப்பவனுக்குத் தெரியாது. தெரிந்தால்தான் என்ன? அந்த மதில் எட்டடி உயரம்.

இந்நிலையில் நம் நினைவுக்கு வருவது கிறித்தவ வேதத்திலே லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் ஒரு கதை. சைவர்களும் பள்ளிக்கூடத்திலே கேட்டிருக்கக்கூடிய கதைதான். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் வழியில் ஒருவன் கள்வர் கையகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். குருமார் ஒருவர் வந்து விலகிப் போகிறார். ஆலயப் பணிக்குரிய லேவியன் ஒருவனும் அவ்வாறே போகிறான். பின்னர் வந்த சமாரியன் காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்திற் சேர்த்து, இரண்டு பணமும் கொடுத்து, மேற்செலவு உண்டாயின் தான் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகிறான்.

கதையின் பொருள் இரக்கம் என்பர். அது மெய்யே. எனினும் கதை எழுந்த இடத்தைப் பார்த்தல் வேண்டும். நியாயசாத்திரி ஒருவன் இயேசுவிடம், தான் அன்பு செய்யவேண்டிய அயலான் யார் என்று வினவினான். சாத்திரம் வல்லார்க்கு இயல்பான வினா. எல்லையை வரையறுத்துவிட்டால் எல்லைக்கு வெளியே இருப்பவனைப்பற்றிக் கவலை இல்லையன்றோ? இயேசு கதையைச் சொல்லி முடித்து, வினாவைத் தலைகீழாக்கித் திருப்பிக் கேட்டார்: விழுந்து கிடந்தவனுக்கு அயலானாக ஆனவன் யார்? இருத்தல் வேறு, ஆதல் வேறு. அயலானாக இருப்பது வேலியாலும் உறுதியாலும் அமைவது, தோம்பிலே பார்த்துக்கொள்ளலாம். அயலானாக ஆவது ஒருவன் செய்கையால் அமைவது.

இக்கதையில் வரும் அச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பதும் சுவையான செய்தி. பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்றது. பின்வந்தோர் 'அயலான்' என்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது. 'பிறன்' என்பது தன்னின் வேறாய எவனையும் குறிக்கும் விரிந்த சொல். ஆனால் அதில் நெருக்கம் இல்லை. 'அயலான்' என்பதில் நெருக்கம் உண்டு, விரிவு இல்லை. யாழ்ப்பாணத்திலே 'அயலட்டை' என்றொரு வழக்கு உண்டு. அயலட்டை என்றால் யார், யார் அல்லர் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். 'அடுத்திருப்பவர்' என்பது நமக்கு உவப்பான பெயர்ப்பு. அந்நேரத்தில் அவ்விடத்தில் யார் அடுத்து இருக்கிறானோ அவன். சாதி, சமயம், உறவு ஒன்றும் கேளாத சொல்.

'பொறுப்பு' என்ற சொல்லையும் ஈண்டு எண்ணுதல் தகும். பொறுத்தல் என்பது சுமத்தல். பொறை என்பது சுமைக்கும் பெயர், பொறுமைக்கும் பெயர். சமாரியன் விழுந்தவனைச் சுமந்தான், எனவே பொறுப்பேற்றான். பிரசங்கிமார் சிலர், 'இரங்கியவன் இறங்கினான்' என்று அழகாகச் சொல்வதுண்டு. இரங்குதலும் இறங்குதலும் வெவ்வேறு வேர்ச்சொற்கள். ரகர றகர வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒன்றாக்குவது இலக்கணப் பிழை. எனினும் வாகனத்திலிருந்து இறங்காத இரக்கம் அவ்வழியிலே பயன்பட்டிராது என்பதனால், அப்பிழையை மன்னிக்கலாம்.

இனி, கதையின் முள் நமக்கு எங்கே தைக்கிறது என்று பார்ப்போம். சமாரியர் என்போர் யூதரோடு உண்ணல் கலத்தல் இல்லாத இனத்தவர். கேட்டிருந்த யூதருக்கு, குருவினும் சமாரியன் உயர்ந்தான் என்பது காதிற் காய்ச்சிய ஈயமாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்திலே 1930ஆம் ஆண்டையொட்டி, பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சமாசனக் கொள்கைக்கு எழுந்த எதிர்ப்பையும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் அறிந்தவர், இக்கதையை இங்குள்ள ஒழுங்கையிலே நிகழ்ந்ததாக வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். விழுந்தவன் யார், விலகியவன் யார், ஏந்தியவன் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவோம்.

கதையை இவ்வளவோடு விட்டு, கதையை நம்பிய ஒருவர் இம்மண்ணில் என்ன செய்தார் என்பதற்கு வருவோம்.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. மூன்று நாலு ஆண்டுகளுள் ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பிலே மருத்துவப்பணி தொடங்கினார். அவருக்குப் பின் 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாகாணத்து வூஸ்ரர் நகரத்தவர். அப்போது வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளரைப் பார்ப்பது மாத்திரம் அன்றி, தமிழ் இளைஞரை வைத்தியராக்குதலும் தம் கடன் என்று கொண்டு அப்போதே வகுப்புத் தொடங்கினார். முதலிலே கற்பித்தது ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர் என்ன செய்தனர்? அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போயினர். அவரைக் குறைகூறுவதற்கு இல்லை. சம்பளம் உள்ள இடத்துக்கு மனிதன் போவது இயல்பு. கிறீன் அதனைக் கண்டு பிரசங்கம் செய்யவில்லை, பழிக்கவும் இல்லை. கிராமத்திலே தங்கி நின்று வைத்தியம் செய்வோர் வேண்டுமாயின், கிராமத்தின் மொழியிலே கற்பித்தல் வேண்டும் என்று முடிவு செய்தார். 1857இல் தாய்நாடு சென்று 1862இல் திரும்பிவந்தபின், வகுப்பை முற்றாகத் தமிழுக்கு மாற்றினார். இரண்டாம் முறை வந்தவர் அமெரிக்கர்; கற்றவர் யாழ்ப்பாணத்தார்; தமிழ் வேண்டும் என்று நின்றவர் அந்த அமெரிக்கரே. தமிழன் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து வேற்றாளாவதிலும் அவருக்கு உடன்பாடு இருந்ததில்லை.

தமிழில் கற்பிப்பதாயின் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் தமிழ் மாணாக்கரைத் துணைக்கொண்டு பெயர்த்தும் திருத்தியும் வெளியிட்டவை நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். 'அங்காதிபாதம்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என்ற பெயர்களைக் கேட்டாலே அக்காலத்து உழைப்பு விளங்கும். இரண வைத்தியம் என்பது சத்திரசிகிச்சை. சுகரணம் என்பது உடற்றொழிலியல். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1873இல் உடல்நலங் குன்றி அமெரிக்கா மீண்டபின்னும் அவர் தமிழ் நூல்களின் வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' அச்சேறியது 1883இல்; அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழர்க்கு ஊழியஞ்செய்த வைத்தியர் என்பதனையே தம் கல்லறையிற் பொறிக்க விரும்பினார். சமாரியன் சத்திரக்காரனுக்குக் கொடுத்த வாக்கு இரண்டு: பணம் ஒன்று, திரும்பி வருவேன் என்பது மற்றொன்று. முன்னதைக் கொடுப்போர் பலர். கிறீன் திரும்பி வந்தார். வரமுடியாத காலத்தும் கையெழுத்துப் பிரதி வந்துகொண்டிருந்தது.

இவ்விடத்திலே சைவ வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, இவை யாவும் மதமாற்றத்துக்கு விரித்த வலையன்றோ என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். கிறீன் தம்மை மறைத்தவர் அல்லர். மருந்தும் சுவிசேஷமும் ஒருங்கே கொடுக்க வந்தவர் என்பதை அவரே சொன்னார். அக்காலத்தில் மிஷன் பாடசாலையில் கல்வி கொடுத்துச் சமயத்தை வாங்கினர் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. நீர்வேலி தந்த பெரும் பண்டிதராகிய சங்கரபண்டிதர், 1870இல் மறைந்தவர், 'மிலேச்சமத விகற்பம்' முதலிய கண்டனங்களை எழுதிக் கிறித்துமதத்தை மறுத்த ஆண்டுகளும், மானிப்பாயிலே கிறீன் வைத்திய நூல்களைத் தமிழாக்கிய ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு ஊருக்கும் இடையே சில கட்டை தூரந்தான். ஒருவர் ஏட்டிலே அந்தச் சமயத்தை மறுத்தார். மற்றவர் அந்தச் சமயத்தின் பேரால் காயங்கட்டினார். இருவருக்கும் கருவி தமிழே. நாம் சங்கரபண்டிதர் வழியில் வந்தோர். அவர் தருக்கத்தில் ஓரெழுத்தும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தருக்கத்தால் மறுக்கலாவது கொள்கை; கட்டிய காயத்தை மறுக்க முடியாது.

அதனை ஆறுமுகநாவலர் நன்கு அறிந்திருந்தார். பாதிரியார் பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் அவர். பின் அச்சமயத்தை எதிர்த்தவரும் அவரே. எதிர்த்ததோடு நில்லாமல் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1876, 77ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு ஊட்டினார். பாதிரிமார் செய்வது தவறு என்றால், அவர் செய்யும் நன்மையை நாம் செய்தல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. இதனைப் போட்டி என்பார் என்க. இப்படிப்பட்ட போட்டி இந்நாட்டிலே இன்னும் நூறு ஆண்டு நடந்தாலும் நல்லதே. அண்மைக் காலத்திலே தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயில் வருவாயைக் கொண்டு ஆதரவற்ற பெண்பிள்ளைகளை வளர்த்தவர் பண்டிதை தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள், 2008இல் மறைந்தார். ஆசிரியையாயும் பண்டிதையாயும் இருந்த ஒருவர், கோபுரத்தை உயர்த்துவதோடு நில்லாமல் அநாதைக் குழந்தைக்குத் தலைவாரினார் என்பது நம் வகுப்பாருக்குப் பெருமை. நீர்வேலிக்கு அணித்தாய கைதடியில், செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற சிறார்க்கான நவீல்ட் பாடசாலை கிறித்தவர் முயற்சியால் எழுந்தது. அங்கே படித்த சைவப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பண்டத்தரிப்பிலே தொடங்கிய ஸ்கடர் பின்னர் சென்னைக்குப் போனார். அவர் பேர்த்தியே வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர். திண்டிவனத்திலே ஓரிரவில், பேற்றுநோவுற்ற மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து அவ்விளம்பெண்ணை அழைத்தனர். அவர் அப்போது வைத்தியம் கற்றவர் அல்லர். வைத்தியராகிய தந்தையாரை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் வைத்தியரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று வைத்தியம் கற்றுத் திரும்பியவர் 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவினார். இன்றும் யாழ்ப்பாணத்து நோயாளர் வேலூருக்குப் போகின்றனர். அவர் அறியவேண்டியது ஒன்று உண்டு. திருச்சபைகளின் ஆதரவில் அக்கல்லூரியிலே இடம்பெறும் மாணாக்கர், பட்டம் பெற்றபின் இரண்டாண்டு மிஷன் வைத்தியசாலைகளிலே, பெரும்பாலும் சிற்றூர்களில், பணிபுரிவதாக ஒப்பியே சேர்கின்றனர். தங்குதல் என்பதை மனத்தின் நல்லெண்ணத்துக்கு மாத்திரம் விட்டுவிடாது, கல்வியின் அமைப்பிலேயே கட்டி வைத்தார்கள். கிறீன் மொழியாற் செய்ததை வேலூர் உடன்படிக்கையாற் செய்கிறது.

இது பழங்கதையன்று. 2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்கமாட்டாது திகைத்தது. எரிபொருளுக்கு மக்கள் இரவுபகலாக வரிசையில் நின்றனர். வைத்தியசாலையிலே மருந்து அருகிற்று. தொடர்ந்து இரண்டாண்டுகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்று வைத்தியர் சங்கத்தாரே சொல்லினர். கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் வழங்கிவரும் இலவசக் கல்வியிலே படித்தவர் அவர்கள். வரிப்பணத்தில் கற்றுவிட்டு ஓடிப்போனார் என்று ஒரு கட்சி ஏசிற்று. பிள்ளைக்குப் பால்மா வாங்கமுடியாத சம்பளத்தில் எவ்வாறு இருப்பது என்று மறுகட்சி கேட்டது. இரண்டு கட்சியும் ஒரே பிழை செய்தன என்பது நம் கருத்து. இருத்தலும் போதலும் தனிமனிதன் குணத்தைச் சார்ந்தவை என்று இருசாராரும் கொண்டனர். குணத்தை நம்பியிருந்தால் மானிப்பாயிலும் ஒன்றும் நடந்திராது. கிறீனுடைய மாணாக்கர் அவருடைய முதல் மாணாக்கரைவிட நற்குணம் படைத்தோர் என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் தங்குவதற்கு ஏற்றபடி கல்வி அமைந்தது, தங்கினார்கள்.

ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் வைத்தியம் கற்பிக்கவேண்டும் என்று இன்று சொல்ல நாம் வரவில்லை. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் உலகத்தோடு ஒட்டி ஒழுகவேண்டியது. ஆனால் கிறீன் விட்டுச்சென்ற வேலையில் ஒரு பாதி வைத்தியருடையது அன்று. அது நம்முடையது. அவசரத்துக்கு 1990 என்னும் எண்ணை அழைத்தால் நோயாளர் காவுவண்டி வாசலுக்கு வருகிறது. 2016இல் இந்திய உதவியோடு தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த சேவை அது. சமாரியனுடைய வாகனத்தை அரசாங்கமே ஓட்டுகிறது என்று மகிழலாம். சத்திரத்தில் சேர்த்தாயிற்று, வைத்தியரும் பார்த்தாயிற்று. பின்னர் முதியவள் வீட்டுக்கு வருகிறாள். கையிலே கிளினிக் கொப்பி. அதில் உள்ளது ஆங்கிலம், அதுவும் சுருக்கெழுத்து. எந்த மாத்திரை நின்றது, எது கூட்டப்பட்டது, அடுத்த முறை எப்போது, எதை உண்ணலாகாது என்பதெல்லாம் அதிலே இருக்கின்றன. அவளுக்கு மாத்திரம் தெரியாது. ரொறன்ரோ மகனுக்குப் படம்பிடித்து அனுப்பி, அங்கே விடியும்வரை காத்திருந்து, அவன் வாசித்துச் சொல்லக் கேட்டு விழுங்குகிறாள். இடையிலே முந்திய மாத்திரையையும் பிந்திய மாத்திரையையும் சேர்த்து விழுங்கி மயங்கி வீழ்ந்தோர் பலரை ஊரிலே அறிவோம்.

இதற்கு மருத்துவபீடம் வேண்டியதில்லை. கொழும்பு அனுமதியும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் உயர்வகுப்பில் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகள் உளர். கிளினிக் நாளை அடுத்த சனிக்கிழமையில் இரண்டிரண்டு பேராகத் தத்தம் ஒழுங்கையிலே உள்ள முதியோர் வீட்டுக்குப் போய், கொப்பியை வாசித்து, பெரிய எழுத்திலே தமிழில் ஒரு துண்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வரலாம். ஐயம் வந்தவிடத்துக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்கலாம். அப்பிள்ளைகள் போகும் ஒழுங்கைகளிலே அவர்கள் இதுவரை படலை திறந்து போகாத வீடுகளும் இருக்கும். அதையும் கருதியே சொல்கிறோம். கோயிற் சபையும் தேவாலயச் சபையும் கடதாசிச் செலவைப் பகிர்ந்துகொள்வது கடினமன்று. புயலுக்கு லொறி அனுப்பியவர்களுக்கு இது பெரிய காரியமா?

எஞ்சுவது சொற்களின் வேலை. அத்துண்டிலே அச்சிடுவதற்கு நாற்பது ஐம்பது சொற்களைத் தெரிந்து வைத்தல் வேண்டும். அது பண்டிதர் தலையிலே வீழும் சுமை. இரத்த அழுத்தம் என்றால் மூதாட்டிக்கு விளங்காது. 'பிறஷர்' என்றால் விளங்கும். நீரிழிவு என்பது நூல்வழக்கு. அவள் வாயிலே அது 'சீனி வருத்தம்'. இலக்கணம் காப்போம் என்று பிடிவாதம் செய்து அவளை மயக்கி விழுத்துவதினும், 'சீனி வருத்தம்' என்றே எழுதிவிடுவது மேல் என்பது நம் துணிபு. இரத்தப் பரிசோதனைக்கு முன்னாள் இரவு முதல் ஒன்றும் உண்ணாது வரவேண்டும் என்பதை 'உபவாசம்' என்று எழுதுவதா, 'வெறும் வயிறு' என்று எழுதுவதா என்பதில் மாத்திரம், நமக்கும் உடனாசிரியர் ஒருவருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. உபவாசம் என்றால் கிழவிமார் பாலும் பழமும் உண்டு வந்துவிடுவர் என்கிறார் அவர்.